வாடகைக்கு இருந்தவர் இறந்துவிட்டால் அட்வான்ஸ் யார் கையில் வர வேண்டும்? கொழிஞ்சாம்பாறையில் ஒரு நிகழ்வு ஆய்வு

கொழிஞ்சாம்பாறையில் மனுக்களும் படிவங்களும் எழுதிக் கொடுப்பது என் வேலை. பாலக்காடு பொள்ளாச்சி சாலையில் உள்ள ஊர் இது. கேரளத்தில் இருந்தாலும் கடைத்தெருவில் தமிழே அதிகம் காதில் விழும். குடும்பத்தில் ஒருவர் இறந்ததும் பி.எஃப்., இ.எஸ்.ஐ., வங்கிக் கணக்கு என்று வரிசையாகப் படிவம் எழுதக் கேட்டு வருவார்கள். அவற்றில் நாமினி என்று ஒரு பெயர் இருக்கும், வேலை நகர்ந்துவிடும். வீட்டு அட்வான்ஸுக்கு நாமினி கிடையாது. அதனாலேயே பல குடும்பங்கள் அந்தப் பணத்தைக் கேட்காமலே விட்டுவிடுகின்றன. கேட்டு வாங்கிய ஒரு குடும்பத்தின் கதையைக் கணக்கோடு இங்கே எழுதுகிறேன். பெயர்கள் வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால் பெயர் எதுவும் சொல்லவில்லை.

இறந்தவர் பொள்ளாச்சி தாலுகாவில் ஒரு கிராமத்துக்காரர். கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் மெஷின் ஆபரேட்டர். மனைவி, கல்லூரியில் படிக்கும் பத்தொன்பது வயது மகன், எட்டாம் வகுப்பு மகள் ஆகியோருடன் இங்கே ஓர் ஓட்டு வீட்டில் ஆறு வருடமாகக் குடியிருந்தார். வாடகை 6,500 ரூபாய். 2023 அக்டோபர் 9 அன்று நெஞ்சுவலி வந்து கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனார்கள். அங்கே மருத்துவமனையிலேயே உயிர் போய்விட்டது. காரியம் முடிந்ததும் மனைவி பிள்ளைகளோடு பொள்ளாச்சியில் தாய்வீட்டுக்குப் போய்விட்டார். கட்டில், பீரோ, கேஸ் அடுப்பு எல்லாம் உள்ளே இருக்க, வீடு பூட்டிக் கிடந்தது.

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஊரில் எல்லோருக்கும் மாஷ். கெட்ட மனிதர் என்று நான் சொல்ல மாட்டேன். சாவுக்கு வந்து நின்றவர், காரியச் செலவுக்குக் கொஞ்சம் கைமாற்றும் கொடுத்தார். அட்வான்ஸ் பேச்சு எடுத்ததும்தான் தயங்கினார். "காசு தர்றதுக்கு எனக்கு மடி (தயக்கம்) இல்ல. யாருக்குத் தர்றதுன்னு சொல்லுங்க. நாளைக்கு இன்னொருத்தர் வந்து கேட்டா நான் ரெண்டு தடவை தர முடியுமா?"

அந்தக் கேள்வி நியாயமானது. எனக்குத் தெரிந்து இப்படி நின்றுபோகும் விவகாரங்களில் பாதி, வீட்டுக்காரருடைய பேராசையால் நிற்பதில்லை, இந்தப் பயத்தால்தான் நிற்கின்றன. அந்தப் பயம் போகிற மாதிரி ஒரு காகிதத்தை அவர் கையில் கொடுத்துவிட்டால் மிச்சத்தைப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். ஆனால் குடும்பத்தார் வழக்கமாகச் சண்டையைத்தான் முதலில் எடுக்கிறார்கள். இங்கேயும் அப்படித்தான் ஆனது. மகன் போனில் ஒருமையில் பேசிவிட்டான், மாஷ் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். அப்புறம்தான் இறந்தவரின் மனைவி, அந்தத் தங்கச்சி, என்னிடம் வந்தார்.

வாடகை எந்த நாள் வரை?

முதலில் இதைத் தெளிவாக்க வேண்டியிருந்தது. "அவரே போயிட்டாருங்கண்ணா, அக்ரிமென்டும் முடிஞ்சுதானே போச்சு? இந்த மாச வாடகை எதுக்குங்க?" என்று கேட்டார். கேட்க மனசு கஷ்டப்பட்டாலும் பதிலைச் சொல்லித்தான் ஆகவேண்டும். வாடகை உரிமை ஆளோடு சாகாது, வாரிசுகளிடம் வந்து நிற்கும். 1965ஆம் ஆண்டின் கேரள கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 'வாடகைதாரர்' என்பவர் யார் என்று சொல்லும் இடத்திலேயே இறந்த வாடகைதாரரின் வாரிசுகளையும் சேர்த்திருக்கிறது. அந்தச் சட்டம் அமலில் இல்லாத இடங்களிலும் பொதுவான குத்தகைச் சட்டப்படி நிலைமை ஏறக்குறைய இதேதான். இதனால் குடும்பத்துக்கு ஒரு பலமும் ஒரு சுமையும் சேர்ந்தே வருகின்றன. வீட்டுக்காரர் மறுநாளே சாமானை வெளியில் எடுத்துப் போட முடியாது. அதேசமயம் சாவியை ஒப்படைக்கும் வரை வாடகை ஏறிக்கொண்டே இருக்கும். பூட்டிக் கிடக்கும் வீடு ஒவ்வொரு மாதமும் அட்வான்ஸைத் தின்னும். துக்கத்தில் இருப்பவர்களுக்கு இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

ஒப்பந்தம் பதினொரு மாதத்துக்கு எழுதப்பட்டது, அதுவும் மலையாளத்தில். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பதிவு செய்ய வேண்டும் என்பதால்தான் எல்லோரும் பதினொரு மாதம் என்று எழுதுகிறார்கள். முதல் பதினொரு மாதம் முடிந்த பிறகு புதிதாக யாரும் எழுதவில்லை, வாடகை மட்டும் மாதாமாதம் போய்க்கொண்டிருந்தது. அப்படி வீட்டுக்காரர் வாடகையை வாங்கிக்கொண்டே வந்தால் அது மாதவாடகைக் குடியிருப்பாகத் தொடரும். காலி செய்ய ஒரு மாத முன்னறிவிப்பு வேண்டும் என்று பழைய ஒப்பந்தத்தில் இருந்தது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் மாதவாடகைக்குப் பதினைந்து நாள் அறிவிப்புப் போதும் என்கிறது. வேறு மாதிரி ஒப்பந்தம் இருந்தால் அதுதான் செல்லும். இதில் வாதாட வேண்டாம் என்று நான் சொன்னேன். காலி செய்வதாக அக்டோபர் கடைசியில் பதிவுத்தபாலில் ஒரு கடிதம் அனுப்பி, நவம்பர் 30 அன்று சாமானை எடுத்துக்கொண்டு சாவியைக் கொடுத்தார்கள்.

சாவியைச் சும்மா கொடுக்கவில்லை. ஒரு வெள்ளைத்தாளில் தேதி, மின்சார மீட்டரில் அன்று நின்ற எண், எந்த அறையில் என்ன உடைந்திருக்கிறது, எது சரியாக இருக்கிறது என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதி, மாஷும் மகனும் கையெழுத்துப் போட்டார்கள். காலி அறைகளைப் போனில் படமும் எடுத்துக்கொண்டோம். பின்னால் எங்களைக் காப்பாற்றியது அந்த ஒற்றைத் தாள்தான்.

ஐம்பதாயிரமா, முப்பதாயிரமா?

ஒப்பந்தத்தில் அட்வான்ஸ் 30,000 ரூபாய் என்று இருந்தது. ஆனால் இரண்டு வருடம் முன்பு கூரை ஓட்டை மாற்றியபோது மாஷ் இன்னும் 20,000 கேட்டு வாங்கியிருக்கிறார். அதற்கு ரசீது இல்லை. மனைவிக்கு ஞாபகம் இருந்ததே தவிர கையில் ஆதாரம் இல்லை. கணவரின் போனையும் யாராலும் திறக்க முடியவில்லை. கடைசியில் வங்கிதான் கைகொடுத்தது. இறப்புச் சான்றிதழோடு போய், கணக்கை முடிக்கும்போதே பழைய வருடங்களின் ஸ்டேட்மென்டையும் எழுதிக் கேட்டு வாங்கினார்கள். மாஷின் பெயருக்கு 20,000 போன வரி அதில் தெளிவாக இருந்தது. அதைக் காட்டியதும் மாஷ் மறுக்கவில்லை.

வாடகை பாக்கிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைத்தது. ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர், நவம்பர் நான்கு மாதம் பாக்கி என்று மாஷ் கணக்குச் சொன்னார், 26,000 ரூபாய். சாமானை ஏற்றும்போது சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் நூல் கட்டித் தொங்கிய நாற்பது பக்க நோட்டு ஒன்று கிடைத்தது. அட்டையில் எண்ணெய்க் கறை. உள்ளே இடதுபக்கம் இறந்தவர் மாதத்தின் பெயரைத் தமிழில் எழுதியிருந்தார். நடுவில் தொகை இருந்தது, வலதுபக்கம் மாஷ் மலையாளத்தில் போட்ட சுருக்கக் கையெழுத்து. ஆறு வருடத்தில் ஒரு மாதம்கூட விடுபடவில்லை. ஆகஸ்டுக்கு நேராக மாஷின் கையெழுத்து இருந்தது. செப்டம்பரில் கையெழுத்து இல்லை, 'ஜிபே 5ஆம் தேதி' என்று மட்டும் இருந்தது. ஸ்டேட்மென்டில் அந்தத் தேதியும் தொகையும் அப்படியே பொருந்தின. தன் கையெழுத்தைப் பார்த்ததும் மாஷ் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஓர்மைப் பிசகு, வயசாச்சு" என்றார். நான் நம்பினேன். மாதாமாதம் எழுதிவைத்த அந்த மனிதரை நினைக்கும்போது இன்றும் எனக்கு மரியாதை வருகிறது.

மூன்று முகவரி கொண்ட ஒரு சாவு

எல்லைப் பக்கத்தில் வாழ்பவர்களுக்கே உரிய சிக்கல் இது. உயிர் போனது கோயம்புத்தூரில், அதனால் இறப்பை அங்கேதான் பதிய முடியும். சாவு நடந்த இடத்தில் பதிவு என்பதுதான் 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் முறை. குடியிருந்தது பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில். ஆதார், ரேஷன் கார்டு எல்லாம் பொள்ளாச்சி தாலுகா முகவரியில். இறப்புச் சான்றிதழில் இறந்தபோது இருந்த முகவரிக்கு ஒரு கட்டமும், நிரந்தர முகவரிக்கு ஒரு கட்டமும் உண்டு. மருத்துவமனையில் படிவம் நிரப்பியவர் இரண்டிலும் பொள்ளாச்சி முகவரியையே எழுதாமல், மகன் சொன்னபடி முதலாவதில் கொழிஞ்சாம்பாறை வீட்டையும் இரண்டாவதில் சொந்த ஊரையும் சரியாக எழுதியிருந்தார். இது பெரிய உதவி. வாடகை வீட்டில் இருந்தவரும் சான்றிதழில் உள்ளவரும் ஒரே ஆள் என்று தனியாக நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை.

வாரிசுச் சான்றிதழை எங்கே வாங்குவது? சித்தூர் தாலுகாவில் போட்டால் கேரள அரசிதழில் விளம்பரம் வெளியாகி, ஆட்சேபம் சொல்ல 30 நாள் விட்டு, அதன் பிறகுதான் தாசில்தார் தருவார். உறவுகள், அவர்களை அறிந்த கிராம நிர்வாக அலுவலர், ரேஷன் கார்டு எல்லாம் பொள்ளாச்சிப் பக்கம் இருந்ததால் அங்கேயே இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்தோம். தமிழ்நாட்டுத் தாசில்தார் கொடுத்த சான்றிதழைக் கேரளத்தில் உள்ள ஒரு வீட்டுக்காரர் ஏற்றுக்கொள்ளத் தடை ஒன்றும் இல்லை. யார் யார் உறவு என்று காட்டுவதுதான் அதன் வேலை.

சான்றிதழ் வந்தபோது அதில் நான்கு பெயர்கள் இருந்தன. மனைவி, மகன், மகள் ஆகியோருடன் இறந்தவரின் தாயார். நான்காவது பெயரைப் பார்த்ததும் மனைவி முகம் மாறிவிட்டது. "அத்தை எதுக்குங்கண்ணா இதுல? அவங்க கொழுந்தனார் வீட்டுலல்ல இருக்காங்க?"

1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் ஓர் ஆண் இறந்தால் முதல் வகுப்பு வாரிசுகளில் மனைவியும் பிள்ளைகளும் மட்டுமல்ல, தாயும் உண்டு. தந்தைக்கு அந்த இடம் இல்லை, தாய்க்கு உண்டு. நால்வருக்கும் சம பங்கு. இவர்கள் இருக்கும்போது தம்பிக்குப் பங்கு வராது. அட்வான்ஸ் என்பது வீட்டுக்காரர் இறந்தவருக்குத் திருப்பித் தர வேண்டிய கடன், ஆகவே அதுவும் இப்படித்தான் பிரியும். நம்மில் பெரும்பாலோர் கணவன் பணம் மனைவிக்கு என்று முடிவுகட்டி, தாயை மறந்தே போகிறோம். மாஷ் பயந்த அந்த 'இன்னொருத்தர்' இந்தத் தாயார்தான்.

பொள்ளாச்சியில் அந்தப் பாட்டியைப் போய்ப் பார்த்தோம். மருமகளுக்கும் அவருக்கும் நல்ல பேச்சுவார்த்தை இல்லை. விஷயத்தைச் சொன்னதும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "எம் பையன் போட்ட காசுங்களே, எனக்குப் பங்கில்லீங்களா சாமி?" உண்டு என்று சொன்னேன். அப்படியானால் கையெழுத்துப் போடுகிறேன், என் பங்கை என் கணக்கில் போடச் சொல்லுங்கள் என்றார். ஊரில் சிலர் இதைக் கேட்டு, பேரப்பிள்ளைகள் பணத்தில் பங்கு கேட்கிறாளே என்று பேசினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மகன் உயிரோடு இருந்தவரை மாதம் 1,500 ரூபாய் அனுப்பிக்கொண்டிருந்தார். அது நின்றுபோன ஒரு கிழவி தன் பங்கைக் கேட்பதில் என்ன தப்பு?

நீதிமன்றமா, பேச்சா?

வாரிசுச் சான்றிதழ் வேறு, நீதிமன்றம் தரும் வாரிசுரிமைச் சான்றிதழ் வேறு. இரண்டாவதை ஆங்கிலத்தில் சக்சஷன் சர்டிபிகேட் என்பார்கள், 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி கிடைப்பது. இறந்தவர் வழக்கமாகக் குடியிருந்த இடத்து நீதிமன்றத்தில் கேட்க வேண்டும், அதாவது எங்கள் வழக்கில் பாலக்காடு பக்கம். அதைக் காட்டுபவருக்கு நம்பிப் பணம் கொடுத்தால் வீட்டுக்காரருக்குச் சட்டத்தின் முழுப் பாதுகாப்பு உண்டு. அந்தச் சட்டத்தின் 214ஆம் பிரிவு, இறந்தவருக்கு வரவேண்டிய கடனுக்கு இப்படி ஒரு சான்றிதழ் இல்லாமல் தீர்ப்பாணை கொடுக்கக் கூடாது என்கிறது. அட்வான்ஸுக்கு வழக்குப் போட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் தூக்குவது இந்தப் பிரிவைத்தான். ஆனால் தீர்ப்பு கொடுக்கும் நீதிமன்றத்துக்குத்தான் இந்தக் கட்டுப்பாடு. வீட்டுக்காரர் தானாக மனமுவந்து வாரிசுகளிடம் பணத்தைக் கொடுக்க அது குறுக்கே நிற்காது. கட்டணம், விளம்பரம், வக்கீல், மாதக்கணக்கில் அலைச்சல் என்று பார்த்தால் ஐம்பதாயிரத்துக்கு அந்த வழி கட்டுப்படியாகாது. லட்சக்கணக்கில் ஒத்திப்பணம் மாட்டியிருந்தாலோ, வாரிசுகளுக்குள் ஒத்துப்போகாவிட்டாலோ அந்த வழியைத்தான் சொல்லியிருப்பேன். எந்த வழியானாலும் பணம் திருப்பித் தரவேண்டிய நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் இறங்கிவிட வேண்டும், பிறகு காலாவதி என்பார்கள்.

மாஷ் இப்போது யாருக்குத் தருவது என்று கேட்கவில்லை. பெயின்டுக்கு 15,000 பிடிப்பேன் என்றார். ஆறு வருடம் குடியிருந்த வீட்டில் சுவர் மங்கத்தான் செய்யும். இயல்பான தேய்மானத்துக்கு வாடகைதாரர் பொறுப்பில்லை என்று சொத்து மாற்றச் சட்டத்தின் 108ஆம் பிரிவே சொல்கிறது, ஒப்பந்தத்திலும் பெயின்ட் பற்றி வரி எதுவும் இல்லை. உடைந்த வாஷ்பேசினும் இரண்டு ஜன்னல் கண்ணாடியும் வேறு விஷயம். சாவி கொடுத்த அன்று எழுதிய தாளில் அவை இருந்தன.

இங்கே பேச்சு முட்டிக்கொண்டதால் சித்தூரில் தாலுகா சட்டப் பணிகள் குழுவுக்கு மனு எழுதினேன். வழக்குப் போடுவதற்கு முன்பே இப்படி மனு கொடுக்கலாம், கட்டணம் கிடையாது. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள். சித்தூர் தாலுகா தமிழ் மொழிச் சிறுபான்மைப் பகுதி என்பதால் மனு தமிழிலேயே இருந்தது, நான்கு வாரிசுகளும் மனுதாரர்கள். மகன் பதினெட்டைத் தாண்டியவன் என்பதால் அவனே கையெழுத்துப் போட்டான். மைனர் மகளுக்காக இயற்கைப் பாதுகாவலர் என்ற முறையில் தாய் போட்டார். மாஷுக்கு நோட்டீஸ் போனது, வந்து உட்கார்ந்தார். அதாலத்தில், அதாவது அந்தக் குழு நடத்தும் மக்கள் நீதிமன்றத்தில், இரு தரப்பும் ஒப்புக்கொண்டு எழுதுவது சிவில் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடும் இல்லை என்று அவருக்கு விளக்கினார்கள். மாஷ் தேடியதும் அந்த மாதிரி ஒரு காகிதத்தைத்தான்.

முடிந்த கணக்கு இது. அட்வான்ஸ் 50,000. அக்டோபர், நவம்பர் வாடகை 13,000. கடைசி மின்கட்டணம் 1,140. வாஷ்பேசினுக்கும் கண்ணாடிக்கும் 3,000. மீதி 32,860 ரூபாய். மாஷ் சொன்னபடி நான்கு மாத வாடகையும் பெயின்டும் மின்கட்டணமும் பிடித்திருந்தால் வந்திருக்கக் கூடியது 7,860 மட்டுமே. காரியத்துக்குக் கொடுத்த கைமாற்றை மாஷ் இதில் கழிக்கவே இல்லை, அது வேறு என்று சொல்லிவிட்டார். பங்கு ஆளுக்கு 8,215. பாட்டிக்கு அவர் கணக்கில் நேராகப் போனது, மற்ற மூன்று பங்கும் சேர்த்து 24,645 மனைவி கணக்குக்கு.

பணம் வந்த அன்று எழுதிய ரசீதின் வாசகத்தை மட்டும் தருகிறேன், இதே நிலையில் இருப்பவர்களுக்குப் பயன்படும்: "இன்ன தேதியில் காலமான இன்னாருடைய வாரிசுகளாகிய நாங்கள் நால்வரும், அவர் இன்ன முகவரியில் உள்ள வீட்டுக்காகக் கொடுத்திருந்த அட்வான்ஸ் 50,000 ரூபாயில், கீழே கண்ட பிடித்தம் போக மீதி 32,860 ரூபாயை வங்கி வழியாக முழுமையாகப் பெற்றுக்கொண்டோம். எங்களைத் தவிர வேறு வாரிசு இல்லை. வேறு யாரேனும் பிற்பாடு உரிமை கோரினால் அதற்கு நாங்களே பொறுப்பு." கீழே பிடித்தக் கணக்கு, நால்வருடைய கையெழுத்து (மகளுக்காகத் தாய்), வங்கிப் பரிமாற்ற எண், இரண்டு சாட்சிகள். நகல் ஆளுக்கொன்று.

ஒரு விஷயம் மட்டும் பாக்கி இருக்கிறது. முதல் அட்வான்ஸ் கட்டும்போது அண்ணனுக்கு 10,000 கொடுத்தேன் என்று கொழுந்தனார் சொல்கிறார். அவர் வாரிசு இல்லை என்றாலும், கடன் உண்மையென்றால் இறந்தவர் விட்டுப்போன பணத்திலிருந்து அதைக் கேட்க அவருக்கு உரிமை உண்டு. எழுத்தில் எதுவும் இல்லை, நாற்பது பக்க நோட்டிலும் அந்த வரி இல்லை. மகன் வேலைக்குப் போனதும் பார்க்கலாம் என்று மனைவி சொல்லியிருக்கிறார், கொழுந்தனாரும் சரி என்றிருக்கிறார்.